பத்தாயிரம் ரூபாய் மைக்கில் பாட்டு பிடிபடுமா?

2020 மார்கழி. சென்னை சபாக்களின் மேடைகள் வெறிச்சோடிக் கிடக்க, கச்சேரிகள் இணையத்துக்கு இடம்பெயர்ந்தன. அதுவரை மைக்செட்காரரைப் பார்த்து ‘கொஞ்சம் ஏத்துங்க’ என்று விரலை உயர்த்தியதோடு முடிந்துபோன விஷயம், திடீரென்று கலைஞர்களின் தலையிலேயே வந்து விழுந்தது. எந்த மைக் வாங்குவது? எங்கே வைப்பது? பாட்டோடு சேர்ந்து வரும் ‘உஸ்’ சத்தத்தை எப்படிப் போக்குவது? பல்லாண்டு மேடை அனுபவம் உள்ளவர்களுக்கும் இதில் பலதும் புதுப் பாடமாக இருந்தது.

கொரோனா போய்விட்டது. வீட்டிலேயே பதிவு செய்யும் பழக்கம் போகவில்லை. இன்றைக்குப் பாட்டு வகுப்பு எடுக்கும் ஆசிரியை, கானா பாடும் இளைஞர், சுயமாக ஆல்பம் போடும் கல்லூரி மாணவி, வெளிநாட்டு மாணவர்களுக்கு வீணைப் பாடங்களைப் பதிந்து அனுப்பும் கலைஞர் என எல்லோருக்கும் ஒரு மைக் தேவைப்படுகிறது. ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. வீட்டில் ஒரு மூலை, ஒரு லேப்டாப், நல்ல மைக் ஒன்று. இது போதுமா?

போதும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்த பஞ்சதன் ஸ்டுடியோவிலிருந்துதான் 1992-ல் ‘ரோஜா’ வந்தது. கலிஃபோர்னியாவில் பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியாஸும் பெற்றோர் வீட்டின் படுக்கையறையில் உருவாக்கிய ஆல்பம், 2020-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. 1982-ல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்தில், ஒலிப்பதிவாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் ஸ்டுடியோவில் இருந்த விலை உயர்ந்த ஜெர்மன் மைக்குகளை ஒதுக்கிவிட்டு, அவற்றைவிடப் பல மடங்கு விலை குறைந்த ஷ்யூர் எஸ்.எம்.7-ஐக் கையில் எடுத்தார். ஜாக்சனின் குரலில் பெரும்பகுதி அதில்தான் பதிவானது.

ஆனால், மலிவு மைக் எல்லாமே நல்ல மைக் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்தச் சந்தையில் ஏமாறுவது மிகச் சுலபம். விலையைவிடத் தோற்றத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

பெய்ஜிங் தொழிற்சாலையிலிருந்து...

ஒரு காலத்தில் ஸ்டுடியோ மைக் என்றால் ஜெர்மனியின் நாய்மன், ஆஸ்திரியாவின் ஏ.கே.ஜி. போன்ற சில பெயர்கள்தான். நாய்மன் நிறுவனத்தின் யு47 1949-லும், யு67 1960-லும், யு87 1967-லும் வந்தன. உலகெங்கும் பெரிய ஸ்டுடியோக்களில் தொங்கும் அந்த யு87 மைக்கின் இன்றைய வடிவத்துக்கு, இப்போதும் லட்சங்களில்தான் விலை. நடுத்தரக் குடும்பத்துப் பாடகர் கனவிலும் நினைக்க முடியாத தொகை.

நிலைமையை மாற்றியது சீனா. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் உதவியோடு பெய்ஜிங்கில் கட்டப்பட்டது 718 கூட்டுத் தொழிற்சாலை. அதன் ஒரு பிரிவான 797, ஒலிக்கருவிகளுக்கானது. அங்கே வளர்ந்த மைக் தயாரிக்கும் திறமை, 1990-களில் உலகச் சந்தைக்கு வந்தது. சிட்னியில் பீட்டர் ஃப்ரீட்மன் சீன மைக்குகளைத் தருவித்து, திருத்தி விற்றதில் முளைத்ததுதான் ரோட் நிறுவனம். இப்போது சிட்னியிலேயே சொந்தமாகத் தயாரிக்கிறது. ஜப்பானின் ஆடியோ-டெக்னிகா, ஏ.டி.2020 என்ற மைக்கை அமெரிக்காவில் நூறு டாலரை ஒட்டிய விலைக்குக் கொண்டுவந்தது. படுக்கையறை ஸ்டுடியோக்களின் காலம் இப்படித்தான் பிறந்தது.

இரண்டு வகை, இரண்டு குணம்

மைக்கில் வீட்டுக்குத் தேவையானவை இரண்டே வகை. ஒன்று டைனமிக். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள் அசைவதால் மின்சாரம் பிறக்கிறது. முரட்டு உழைப்பாளி. வெளி மின்சாரம் தேவையில்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1965-ல் வந்த ஷ்யூர் எஸ்.எம்.57-ம் 1966-ல் வந்த எஸ்.எம்.58-ம் இந்த வகை. அமெரிக்க அதிபர்களின் மேடையில் பல்லாண்டுகளாக நிற்பது எஸ்.எம்.57. நம் ஊர் மேடைகளில் உருண்டைத் தலையோடு பாடகர்கள் கையில் பிடித்திருப்பது எஸ்.எம்.58, அல்லது அதன் நகல்.

இன்னொன்று கண்டென்சர். சில மைக்ரான் கனமே உள்ள, தங்கம் பூசிய மெல்லிய ஏடு ஒன்று ஒலிக்கேற்ப நடுங்குகிறது. இழுத்துச் செல்ல வேண்டிய கம்பிச் சுருளின் பாரம் அதற்கு இல்லை. அதனால்தான் வீணைத் தந்தியில் நகம் படும் கணத்தையும், பாடகர் மூச்சை உள்ளிழுக்கும் மெல்லிய ஓசையையும் அப்படியே பிடிக்கிறது. இதற்கு 48 வோல்ட் ‘ஃபேன்டம் பவர்’ வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி அதைத் தரும்.

இரண்டின் வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்.எம்.57 தருவது 1.6 மில்லிவோல்ட், ஏ.டி.2020 தருவது 14 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. அதனால் டைனமிக் மைக்கில் மெல்லிய குரலைப் பதிய, இன்டர்ஃபேஸின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) வெகுவாகத் திருக வேண்டியிருக்கும். மலிவான இன்டர்ஃபேஸ் என்றால், அங்கேயே ‘உஸ்’ கிளம்பிவிடும். பாட்காஸ்ட் வீடியோக்களில் பார்த்துவிட்டு, எஸ்.எம்.7-ன் பிந்தைய வடிவமான எஸ்.எம்.7பி-யை வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இதில்தான். மைக் அருமையானது, ஆனால் அதன் சிக்னல் எஸ்.எம்.57-ஐவிடவும் மெலிது. நல்ல இன்டர்ஃபேஸோ இடையில் ஒரு பூஸ்டரோ இல்லாவிட்டால் பதிவு பொலிவிழந்துதான் இருக்கும்.

‘பளிச்’ என்பது ஒரு பொறி

மலிவுக் கண்டென்சர்களின் நோய் எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

யு67 மைக்குக்காக நாய்மன் உருவாக்கிய கேப்சூலின் (ஒலியை வாங்கும் ஏடு அமைந்த பகுதி) பெயர் கே67. இந்த வடிவத்துக்கு ஓர் இயல்பு உண்டு. மேல் அதிர்வெண்களை, அதாவது ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகள் சீறும் பகுதியை, உள்ளதைவிட அதிகமாக ஏற்றிக் கொடுக்கும். நாய்மன் பொறியாளர்களுக்கு இது தெரியும். அந்த ஏற்றத்தைத் திரும்பத் தணிக்கும் ஏற்பாட்டை மைக்கின் உள் சர்க்யூட்டிலேயே வைத்தார்கள். கேப்சூல் ஏற்றும், சர்க்யூட் இறக்கும், வெளியே வருவது சமன்.

நகலெடுத்தவர்கள் பலர் கேப்சூலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதைத் தணிக்கும் சர்க்யூட்டுக்குப் பதில், எளிய சர்க்யூட் ஒன்றைப் பொருத்தினார்கள். ஏற்றம் அப்படியே தங்கிவிட்டது. முதல் தடவை கேட்கும்போது ‘ஆஹா, எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது’ என்று தோன்றும். ஏமாறும் இடம் அதுதான். அரை மணி நேரம் ஹெட்ஃபோனில் கேட்டால் காது வலிக்கும். ‘சரவணபவ’ என்று பாடினால் ‘ச’ ஊசியாகக் குத்தும். வயலின் வில்லின் உராய்வு இசைக்கு மேல் ஏறி நிற்கும். ஜால்ரா சத்தமோ தாங்க முடியாது. ஒரே பாட்டில் குரல், கோரஸ், கிட்டார் என்று பத்து டிராக்குகளை இதே மைக்கில் பதிந்தால், பத்து சீறல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். ஈ.க்யூ. (அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) வைத்து ஓரளவு குறைக்கலாம். ஆனால் குரலின் உயிரையும் கொஞ்சம் சேர்த்தே வெட்ட வேண்டியிருக்கும்.

இதனால்தான் ஏ.டி.2020 இத்தனை ஆண்டுகளாகத் தாக்குப்பிடிக்கிறது. அது கே67-ன் நகல் இல்லை. சிறிய கேப்சூல், ஆடியோ-டெக்னிகாவின் சொந்த வடிவமைப்பு. உள்ளே இருப்பது எலக்ட்ரெட், அதாவது நிரந்தர மின்னேற்றம் கொண்ட கண்டென்சர் வகை. 1962-ல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் கண்டறிந்த தொழில்நுட்பம், செல்போன்களுக்குள் போன அதே குடும்பம். ஆகவே ‘எலக்ட்ரெட் என்றால் மட்டம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே சமயம், இணையக் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் குவிந்து கிடக்கும் பி.எம்.800 ரக மைக்குகளின் கதை வேறு. வெளியே பெரிய ஸ்டுடியோ மைக்கின் உடல், தகதகக்கும் வலை. உள்ளே பட்டன் அளவுக்குச் சின்ன கேப்சூல். ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், ஒயர் எல்லாம் சேர்த்துக் கொடுப்பதால் லாபம்போலத் தெரியும். ஜூம் மீட்டிங்குக்கு ஆகும். பாட்டுக்கு வேண்டாம்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

மைக் பெட்டியின் மேல் ஏகப்பட்ட எண்கள். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பது கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது ‘செல்ஃப் நாய்ஸ்’, மைக் தானாகவே எழுப்பும் இரைச்சல். ஏ.டி.2020-க்கு அது 20 டெசிபல். ரோட் என்.டி.1-ஏ-வுக்கு 5. 2023-ல் வந்த ஐந்தாம் தலைமுறை என்.டி.1-க்கு 4.

20 என்றதும் பயப்பட வேண்டியதில்லை. நகரத்து வீட்டில் ஃபேனை நிறுத்திய பிறகும் அறையின் சத்தம் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஒரு சாண் தூரத்தில் நின்று பாடுகிறவருக்கு இந்த 20 ஒரு பொருட்டே இல்லை. வீணைக்கும் தம்புராவுக்கும் மட்டும் விஷயம் வேறு. மைக் இரண்டடி தள்ளி நிற்கும், கெயின் ஏறியிருக்கும், கமகம் தேய்ந்து அடங்கும் கடைசி நொடியில் இரைச்சல் தலைகாட்டும். அவற்றை வாசிப்பவர்கள் ரோட் என்.டி.1-க்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம். என்.டி.1-ஏ-வின் மேல் ஸ்தாயி கொஞ்சம் பளிச்சென்றே இருக்கும்; என்.டி.1 அதைவிட மென்மை.

நாகஸ்வரம், தவில்காரர்கள் பார்க்க வேண்டியது எதிர்த் திசையில் உள்ள எண்: எவ்வளவு பெரிய சத்தத்தை மைக் தாங்கும் என்பது. இரண்டு வாத்தியங்களும் எளிதாக 100 டெசிபலைத் தாண்டும். ஏ.டி.2020 தாங்குவது 144, என்.டி.1-ஏ 137. மைக் தாங்கிவிடும், இன்டர்ஃபேஸின் கெயினைத்தான் இறக்கி வைக்க வேண்டும்.

அறைதான் பாதி மைக்

பளிங்குபோல் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை. நம் வீடுகளின் இந்த மூன்றும் ஒலியைக் கண்ணாடிபோலத் திருப்பி அடிக்கும். பாடிய குரலோடு அதன் எதிரொலியும் மைக்குக்குள் போகும். லட்ச ரூபாய் மைக் வைத்தாலும் குளியலறையில் பாடியது மாதிரித்தான் இருக்கும். சொல்லப்போனால் மைக் எவ்வளவு உசத்தியோ, அவ்வளவு துல்லியமாக அந்த அறையின் குறை பதிவாகும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் பயனில்லை. அரை அங்குல ஃபோம் ஷீட்டும் மேல் அதிர்வெண்ணை மட்டும் உறிஞ்சி, கீழே உள்ள முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். கனமான ரஜாய், மடித்துத் தொங்கவிட்ட பவானி ஜமக்காளம், மெத்தை, துணி நிறைந்த திறந்த பீரோ ஆகியவை நிஜமாகவே வேலை செய்யும்.

எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். வீட்டு மைக்குகள் பெரும்பாலும் ‘கார்டியாய்டு’ வகை; முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் மந்தம். பாடகருக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் மைக்கின் முகத்துக்கு நேரே இருக்கிறது. ரஜாய் தொங்க வேண்டிய இடம் பாடகரின் முதுகுக்குப் பின்னால். மைக்கின் முதுகு ஜன்னல், தெரு, ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பியிருக்கட்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை. பதிவில் தெரியும் வித்தியாசமோ புது மைக் வாங்கியதற்குச் சமம்.

இன்னொன்று: பெரிய கண்டென்சர் மைக்கின் முகம் உச்சியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. பல மாடல்களில் நிறுவனத்தின் முத்திரை உள்ள பக்கம்தான் முன்பக்கம். கையில் பிடிக்கும் மைக் மாதிரி உச்சியைப் பார்த்துப் பாடினால் குரல் எங்கோ தொலைவில் கேட்கும்.

அறையை எதுவுமே செய்ய முடியாது, வாடகை வீடு, வெளியே பஸ் ஹாரன், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் என்றால் கண்டென்சரை மறந்துவிட்டு எஸ்.எம்.57 அல்லது 58-க்குப் போகலாம். மைக்கை நாலு விரல் தூரத்தில் வைத்துப் பாட வேண்டும். நுணுக்கம் கொஞ்சம் குறையும். பக்கத்து வீட்டு விசிலும் சேர்ந்து குறையும்.

கையளவு தூரத்தில் இருக்கிறது பாவம்

குரலுக்கு ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர், மைக் உதட்டுக்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கி. ‘ப’வின் காற்று அப்போது மைக்கை அறையாது. மிக நெருங்கினால் கீழ் ஸ்தாயி வீங்கும். அதைச் சிலர் ‘கம்பீரம்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். கர்நாடக சங்கீதத்தில் மந்த்ர ஸ்தாயியின் முணுமுணுப்புக்கும் தார ஸ்தாயியின் உச்சத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதால், அதைப் பாடுகிறவர்கள் இன்னும் அரைச் சாண் தள்ளி உட்காருவது நல்லது.

வீணையில் செய்யக்கூடாதது, குடத்துக்கு மிக அருகில் மைக் வைப்பது. முழக்கம்தான் மிஞ்சும். வலது கைக்கு மிக அருகில் வைத்தால் நகச்சத்தம் நாதத்தை விழுங்கும். இரண்டடி தள்ளி, சற்று மேலிருந்து, மீட்டும் இடத்துக்கும் குதிரைக்கும் நடுவே பார்க்குமாறு வைத்துத் தொடங்கலாம். பிறகு மைக்கை நான்கு விரற்கடை இடதுபுறம், வலதுபுறம் நகர்த்தி ஒரே தானத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேட்க வேண்டும். விரற்கடை நகர்வில் வீணையின் குணமே மாறுவதைக் காது உடனே கண்டுகொள்ளும். இந்தப் பொறுமைக்கு ஈடான மைக் எந்தக் கடையிலும் இல்லை.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு எஸ்.எம்.57 போதும், மேடைகளில் பார்ப்பதும் அதே ஏற்பாடுதான். ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் எதிரே இரண்டடியில் வைத்து, வலந்தலைப் பக்கம் சற்றே சாய்க்கலாம். புல்லாங்குழலில் ஊதும் துளைக்கு நேரே வைத்தால் காற்றுதான் பதிவாகும். விரல் துளைகளின் பக்கம், மேலிருந்து. கிட்டாரில் நடுத்துளையை விட்டுவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்த்து ஓரடி தூரம்.

பதியும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சத்தில் பாடும்போதும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டியே நிற்கட்டும். சிவப்பைத் தொட்டுவிட்டால் அந்தப் பதிவைக் காப்பாற்ற முடியாது.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

மொத்தப் பணத்தையும் மைக்கில் போட்டுவிட்டு, கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும் தடுமாறுவது பரவலான தவறு. மைக்குக்கு ஒதுக்கும் அதே அளவு இன்டர்ஃபேஸுக்கும் ஒதுக்க வேண்டும். ஸ்டாண்ட், எக்ஸ்.எல்.ஆர். கேபிள், பாப் ஃபில்டர், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஆகியவை தனி. தம்புராவோ மிருதங்கமோ பின்னால் சேரும் என்றால், தொடக்கத்திலேயே இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸாக வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். யு.எஸ்.பி. மைக் நேராக லேப்டாப்பில் செருகலாம், வசதிதான். ஆனால் இரண்டாவது மைக் சேர்க்கும் நாளில் வழி அடைத்துக்கொள்ளும். என்.டி.1 ஐந்தாம் தலைமுறையில் யு.எஸ்.பி., எக்ஸ்.எல்.ஆர். இரண்டும் இருப்பதால், இன்டர்ஃபேஸைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு அது தோது.

எஸ்.எம்.58-க்குப் போலிகள் ஏராளம். ஷ்யூர் நிறுவனமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது அசலாக இருக்க வாய்ப்பு குறைவு. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்கினால்தான் வாரன்டியும் நிற்கும்.

கடலோர ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கண்டென்சர் கேப்சூலுக்கு ஈரம் ஆகாது. ஈரம் ஏறினால் பதிவில் படபடவென்று பொரியும் சத்தம் வரும். உபயோகித்த பிறகு ஃபேன்டம் பவரை அணைத்து, கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஸ்டாண்டிலேயே விட்டுவைப்பதாக இருந்தால் ஒரு துணிப்பையாவது போட்டு மூடலாம்.

ஆக, முதல் மைக் வாங்குகிறவர்களுக்கு: ஓரளவு அமைதியான அறை, குரல், கிட்டார், வயலின் என்றால் ஏ.டி.2020. வீணை, தம்புரா, மெல்லிய குரல் என்றால் கொஞ்சம் காத்திருந்து பணம் சேர்த்து என்.டி.1. இரைச்சலான வீடு, தாள வாத்தியம் என்றால் எஸ்.எம்.57. இதற்குமேல் செலவழிக்க ஆசை வந்தால், முதலில் ரஜாய்க்கும் ஜமக்காளத்துக்கும் செலவழியுங்கள்.

வீட்டில் பழைய கீர்த்தனையோ தாலாட்டோ நடவுப் பாட்டோ தெரிந்த பெரியவர்கள் இருந்தால், மைக் வந்த முதல் வாரமே அவர்களை உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். அதை எம்.பி.3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே வைத்து, இரண்டு வேறு வேறு இடங்களில் சேமித்து, பாடியவரின் பெயரையும் ஊரையும் தேதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.